கொலை ஒரு சாக்கு

ஆங்கிலத்தில் திரில்லர் எழுதும் இந்தியப் பெண்கள், கொன்றவன் யார் என்பதைவிடச் செத்தவள் யார் என்றே அதிகம் கேட்கிறார்கள். எழுதியதை விற்கும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான்.

புத்தகக் கடையின் மாடியிலோ இலக்கிய விழாப் பந்தலிலோ திரில்லர் எழுதிய பெண்ணொருவர் மேடையேறினால் நிகழ்ச்சி எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். முதலில் இரண்டு பக்கம் வாசிப்பார். பிணம் கண்ணில் படும் இடத்தில் சரியாக நிறுத்திக்கொள்வார். சாதுவாகத் தெரியும் ஒரு பெண்ணால் இவ்வளவு ரத்தத்தை எப்படி எழுத முடிகிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். போலீஸ் விஷயங்களை எங்கிருந்து திரட்டினீர்கள் என்பார் இன்னொருவர். எல்லாம் முடிந்து, தேநீர் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் கடைசிக் கேள்வி: "சமீபத்தில் நீங்கள் படித்ததில் பிடித்தது எது?"

வெறும் சம்பிரதாயக் கேள்விதான். ஆனால் அதற்கான பதில் வரும்போதுதான் கூட்டத்தில் பேனாக்கள் வெளியே வருகின்றன. எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதில் விளம்பரத்தின் வாடை கொஞ்சம் இருந்தே தீரும். அடுத்தவர் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது அது இருப்பதில்லை. இந்தியாவில் ஆங்கிலத்தில் குற்றக் கதை எழுதும் பெண்களின் சின்னஞ்சிறு உலகம் பெருமளவுக்கு இந்தக் கடைசிக் கேள்வியை நம்பித்தான் நடக்கிறது.

இவர்கள் விற்பது வெறும் பொழுதுபோக்காக இருந்தால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல நாவல்கள் சிலவற்றை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். பஞ்சாபில் பிறக்கவிடப்படாத பெண் குழந்தைகள், பெங்களூரில் கடத்தப்படும் சிறுமிகள், மும்பைக் குடிசைகளிலிருந்து மாயமாகும் பிள்ளைகள், தில்லிக்கு வெளியே ஒரு கிராமத்து மரத்தில் தொங்கும் எட்டு வயதுக் குழந்தை என்று அட்டைகள் மாறினாலும் உள்ளே இருக்கும் கவலை ஒன்றுதான். கொலை ஒரு சாக்கு. அதைக் காட்டி வாசகரை உள்ளே இழுத்து, அவர் பார்க்க விரும்பாத ஒன்றின் எதிரே உட்கார வைக்கிறார்கள்.

விமர்சகர் எழுதிய கொலை

இதற்குச் சரியான உதாரணம் நீலாஞ்சனா ராய். கதை எழுதுவதற்கு முன் ஊருக்கே படிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 'பிசினஸ் ஸ்டாண்டர்ட்' நாளிதழில் பல ஆண்டுகள் புத்தகப் பத்தி எழுதினார். பின்னர் லண்டன் 'ஃபைனான்ஷியல் டைம்ஸ்' பத்திரிகையிலும் எழுதினார். தெற்காசிய இலக்கியத்துக்கான டி.எஸ்.சி. பரிசு முதன்முறையாக 2011இல் வழங்கப்பட்டபோது நடுவர் குழுவுக்குத் தலைமை வகித்தார். வாசிப்பையே வாழ்க்கையாகக் கொண்டதைப் பற்றி 2016இல் ஒரு முழுக் கட்டுரைத் தொகுப்பே வெளியிட்டார். அதன் தலைப்பை 'புத்தகங்களைத் தின்ற பெண்' என்று தமிழாக்கலாம்.

புனைகதையில் அவரது முதல் முயற்சி தில்லி நிஜாமுதீன் பகுதியின் தெருப் பூனைகளைப் பற்றியது. 2012இல் வந்த 'தி வைல்டிங்ஸ்' அடுத்த ஆண்டே முதல் நூலுக்கான சக்தி பட் பரிசைப் பெற்றது. பூனைகளிடமிருந்து 2022இல் அவர் தாவிய இடம்தான் யாரும் எதிர்பாராதது. 'பிளாக் ரிவர்' ஒரு கொலைக் கதை.

தில்லியிலிருந்து சில மணி நேரத் தொலைவில் தீதர்பூர் என்ற கற்பனைக் கிராமம். எதற்கும் பெயர் பெறாத ஊர். அங்கே சாந்த் என்ற ஏழை விவசாயியின் எட்டு வயது மகள் முனியா ஒரு நாவல் மரத்துக் கிளையில் பிணமாகத் தொங்குகிறாள். பெரும்பாலும் இந்துக்கள் வாழும் அந்த ஊரில் சந்தேகம் உடனே மன்சூர் என்ற முஸ்லிம் நாடோடியின் மேல் விழுகிறது. உள்ளூர் சப் இன்ஸ்பெக்டர் ஓம்பீர் சிங்குக்குக் கீழே ஒரே ஒரு போலீஸ்காரர். இருவருக்கும் சேர்த்து வேலை செய்யும் ரிவால்வர் ஒன்றே ஒன்று. ஊர் கேட்பது நீதி அல்ல, பழி, அதுவும் உடனடியாக.

வழக்கமான திரில்லர் இங்கிருந்து கொலையாளியை நோக்கி ஓடும். இந்த நாவல் ஓட மறுக்கிறது. சாந்தின் இளமைக்குத் திரும்பிப் போகிறது. யமுனைக் கரையில் அவனும் காலித், ரபியா என்ற இரு நண்பர்களும் தில்லியில் பிழைத்த கதையைச் சாவகாசமாகச் சொல்கிறது. தலைப்பில் உள்ள கறுப்பு நதி யமுனைதான். மதம் பார்க்காத அந்த நட்பை அறிந்த பிறகு, மன்சூரை அடித்துக் கொல்லத் துடிக்கும் கும்பலைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். துப்பு எங்கே என்று தேடி வந்த வாசகர், நாடு எப்படி மாறியது என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்.

இன்னொரு காரியமும் நடக்கிறது. பிணமாகத் தெரிவதற்கு முன் முனியாவைக் குழந்தையாக நமக்குக் காட்டிவிடுகிறார் ஆசிரியர். இது சிறிய விஷயமல்ல.

பெயரில்லாதவர்கள்

செய்தித்தாளில் இத்தகைய குழந்தைக்குக் கிடைப்பது ஐந்தாறு வரி. ஊர் பெயர், வயது, கைதானவர்கள் எண்ணிக்கை, அவ்வளவுதான். பாலியல் வன்முறை வழக்காக இருந்தால் பெயரையும் போட முடியாது. குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை செய்கிறது. அது நியாயமான தடை. உயிரோடிருப்பவளையும் அவள் குடும்பத்தையும் ஊர் வாயிலிருந்து காக்க வேறு வழியில்லை. ஆனால் அதன் விளைவாக, இறந்தவள் 'எட்டு வயதுச் சிறுமி' என்ற பொதுப் பெயரிலேயே மறைந்து போகிறாள். 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் தாக்கப்பட்ட மாணவிக்குப் பத்திரிகைகளே 'நிர்பயா' என்று ஒரு பெயரைச் சூட்ட வேண்டியிருந்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் குழந்தைகளுக்கு எதிரானவை என்று பதிவு செய்த வழக்குகள் 1,62,449. இந்த எண்ணை யாரும் மனதில் வைத்துக்கொள்ள முடியாது. முனியாவை மறக்க முடியாது. செய்தியால் செய்ய முடியாததை, சட்டம் செய்ய விடாததைக் கற்பனை செய்கிறது: ஒரு பெயர், ஒரு வீடு, அவளை அழைத்துச் சாப்பிடச் சொல்லும் ஒரு அப்பா.

இந்தப் பாதையை முதலில் அகலப்படுத்தியவர்களில் ஒருவர் கிஷ்வர் தேசாய். தொலைக்காட்சிப் பத்திரிகையாளராக இருந்தவர். நர்கீஸ் - சுனில் தத் காதலைப் பற்றி 2007இல் புத்தகம் எழுதியவர். அவரது முதல் நாவலான 'விட்னஸ் தி நைட்' பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் கோஸ்டா முதல் நாவல் பரிசை வென்றது. ஜலந்தரில் ஒரு பெரிய வீடு, உள்ளே 13 பிணங்கள், உயிரோடு கிடைப்பவள் துர்கா என்ற 14 வயதுப் பெண் மட்டுமே. அவள்தான் கொன்றாள் என்று முடிவு கட்டிவிட்டது போலீஸ். உண்மையைத் தேடி வருகிறார் சிம்ரன் சிங் என்ற சமூக சேவகி: திருமணமாகாதவர், நடுவயதுக்காரர், புகைப்பவர், குடிப்பவர். இந்தியத் துப்பறியும் கதைக்கு இப்படியொரு கதாநாயகி அதுவரை பழக்கமில்லை.

சிம்ரன் அந்த வீட்டில் கிளறும்போது மேலே வருவது பஞ்சாபின் பழைய பாவம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 798 பெண்களே இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அந்த எண் 927. கருவின் பாலினத்தைப் பரிசோதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டிருந்தும் நிலைமை இதுதான். 2011இல் அது 846ஆக உயர்ந்தது. காணாமல் போன இந்தப் பெண்களைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்திருக்கின்றன. அறிக்கையை யாரும் விடிய விடிய விளக்கெரித்துப் படிப்பதில்லை. தேசாயின் நாவலை அப்படிப் படித்தார்கள். அடுத்த இரண்டு நாவல்களிலும் சிம்ரனே வருகிறார்: 2012இல் வாடகைத் தாய் வியாபாரம், 2013இல் கோவாக் கடற்கரையின் இருண்ட பக்கம்.

விளம்பரம் கற்றவர்கள்

அனிதா நாயரைத் தமிழ் வாசகர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். ஷொர்ணூர் அருகே பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 2001இல் வந்த அவரது 'லேடீஸ் கூபே' நாவலின் அகிலா 45 வயதுத் தமிழ்ப் பிராமணப் பெண். வருமான வரி அலுவலக ஊழியர். ஒருநாள் எல்லாரையும் உதறிவிட்டுக் கன்னியாகுமரிக்கு ரயிலேறுகிறவர். அகிலாவைப் படைத்தவர் 2012இல் 'கட் லைக் வூண்ட்' மூலம் இன்ஸ்பெக்டர் போரே கௌடாவோடு வந்து நின்றபோது பலருக்கும் வியப்பு. கௌடா ஐம்பதை எட்டும் பெங்களூர் போலீஸ்காரர். பதவி உயர்வு கிடைக்காதவர், புல்லட் ஓட்டுபவர், மேலதிகாரிகளுக்கு வேண்டாதவர்.

ரம்ஜான் நோன்பு தொடங்கும் இரவில் சிவாஜி நகரில் நடக்கும் முதல் கொலையிலிருந்து கதை திருநங்கைகளின் உலகத்துக்குள் நுழைகிறது. 2016இல் வந்த 'செயின் ஆஃப் கஸ்டடி' நாவலில் கௌடா வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகள் காணாமல் போகிறாள். அவளைத் தேடிப் போகும் வழியெங்கும் குழந்தைக் கடத்தல் வலை. தொடரின் மூன்றாவது நாவலான 'ஹாட் ஸ்டேஜ்' 2023இல் வந்தது. கம்ப்யூட்டர் நகரம் என்று விளம்பரப்படுத்தப்படும் ஊரின் பின்கட்டை இந்த மூன்று நாவல்களும் திறந்து காட்டுகின்றன.

மும்பையில் கல்பனா சுவாமிநாதன் வேறு வகை. தொழிலால் அறுவைச் சிகிச்சை நிபுணர். உடலைப் பற்றி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவரது துப்பறிவாளர் லல்லி, ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி, அறுபதைத் தாண்டியவர். எல்லாரும் கைவிட்ட வழக்குகள் அவரிடம் வந்து சேரும். 2006இல் வந்த 'பேஜ் 3 மர்டர்ஸ்' பணக்காரர்களின் விருந்துக் கூத்தைக் கிண்டல் செய்தது. 2017இல் 'கிரீன்லைட்' எழுதியபோது கிண்டல் போயிருந்தது: குடிசைப் பகுதியிலிருந்து குழந்தைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள், நகரம் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாருமே இப்படிப் பாரம் சுமப்பவர்கள் அல்ல. பெப்சிக்கு 'யே தில் மாங்கே மோர்' என்ற வாசகத்தை எழுதிய அனுஜா சௌஹான் 2021இல் 'கிளப் யூ டு டெத்' மூலம் தில்லி மேட்டுக்குடி கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு பிணத்தைக் கிடத்திச் சிரிக்க வைத்தார். ஹோமி அதஜானியா இயக்கத்தில் 'மர்டர் முபாரக்' என்ற பெயரில் அது 2024 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் படமாகவும் வந்துவிட்டது. சிரிப்புக்கு நடுவிலும் கிளப்பின் வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை நிறுத்துகிறார்கள் என்பதில் கண் வைத்திருந்தார்.

நாயர், சௌஹான் இருவருமே விளம்பரத் துறையிலிருந்து வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பொருள் தானாக விற்காது என்பதை வேலையில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொடுக்கும் துறை அது.

யார் விற்பது?

ஆங்கிலப் புத்தகங்களின் விளம்பரத்துக்கு இந்தியப் பதிப்பாளர்கள் ஒதுக்குவது சொற்பம். நாளிதழ்களில் மதிப்புரைப் பக்கங்கள் சுருங்கிவிட்டன. இருக்கும் இடத்திலும் குற்றக் கதைக்குப் பின்வரிசைதான். ஆகவே எழுத்தாளரே ஊர் ஊராகப் போகிறார், கையெழுத்திடுகிறார், பேட்டி கொடுக்கிறார், கல்லூரிகளில் பேசுகிறார். 2006இல் தொடங்கிய ஜெய்ப்பூர் விழாவுக்குப் பிறகு நாடெங்கும் முளைத்த இலக்கிய விழாக்கள் இதற்கு மேடை தந்தன.

பதிப்பாளரே இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. 'பிளாக் ரிவர்' வெளிவந்தது வெஸ்ட்லேண்ட் நிறுவனத்தின் 'கான்டெக்ஸ்ட்' பிரிவில். சென்னையில் வேர் கொண்ட அந்த நிறுவனத்தை டாடா குழுமத்திடமிருந்து 2016இல் வாங்கிய அமேசான், 2022 பிப்ரவரியில் இழுத்து மூடப்போவதாக அறிவித்தது. இனிக் கிடைக்காமல் போய்விடுமோ என்று வாசகர்கள் அவசர அவசரமாகப் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். சில வாரங்களில் அந்தப் பதிப்புக் குழுவோடு 'பிரதிலிபி' நிறுவனம் கைகோத்தது. வெஸ்ட்லேண்ட் பிழைத்தது. அதே ஆண்டில்தான் முனியாவின் கதை கடைக்கு வந்தது. எழுதி முடித்தால் போதும், மற்றதைப் பதிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று யாரும் இருந்துவிட முடியாத காலம் இது.

தன் சரக்கைத் தானே விற்பது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டு உதாரணம் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். வை.மு. கோதைநாயகி அம்மாள் தொடக்கத்தில் எழுதத் தெரியாமல் தன் முதல் படைப்பைத் தோழிக்கு வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்தவர். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கி, அதிலேயே தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். 115 நாவல்கள், துப்பறியும் கதைகளும் அவற்றில் உண்டு. எழுத்தாளர், பத்திரிகை ஆசிரியர், வெளியீட்டாளர், விற்பனையாளர் எல்லாம் அவரே. விதவை மறுமணத்தையும் மதுவிலக்கையும் பற்றிய பேச்சு அடுக்களை வரை போய்ச் சேர்ந்தது கதைச் சுவாரஸ்யத்தின் முதுகில் ஏறித்தான்.

வங்காளத்திலும் இந்த வரிசை பழையது. பிரபாபதி தேவி சரஸ்வதி தன் 'கிருஷ்ணா' கதைகளில் ஒரு பெண்ணையே துப்பறிய அனுப்பிவிட்டார். பின்னால் வந்த சுசித்ரா பட்டாச்சார்யாவின் 'மித்தின் மாசி', வீட்டையும் கவனித்துக்கொண்டு கல்கத்தாவின் மர்மங்களையும் அவிழ்ப்பவர். சுசித்ரா 2015இல் மறைந்த பிறகும் மித்தின் மறையவில்லை. 2019இல் சினிமாவுக்கும் வந்தார்.

நியாயமான சந்தேகம்

இவ்வளவுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. ஏழைக் குழந்தையின் சாவை விமான நிலையத்தில் விற்கும் பண்டமாக்குவது சரியா? கிராமத்தில் நடக்கும் கொடுமையை ஆங்கிலத்தில், அந்தக் கிராமத்தில் யாரும் படிக்க முடியாத மொழியில் எழுதுவது யாருக்காக? திரில்லர் என்றாலே கடைசி அத்தியாயத்தில் விடை உண்டு. நிஜத்தில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன, சாட்சிகள் பல்டி அடிக்கிறார்கள், குற்றவாளி ஊருக்குள் நடமாடுகிறான். கதையில் கிடைக்கும் நியாயம் வாசகரின் மனச்சாட்சிக்குத் தூக்க மாத்திரையாகிவிடாதா?

இந்தக் கேள்விகளைத் தள்ளிவிட முடியாது. மோசமான நாவல்கள் அதைத்தான் செய்கின்றன. கொலையுண்ட பெண் அவற்றில் ஒரு மேடைப் பொருள். முதல் பக்கத்தில் கிடப்பாள், இருபதாவது பக்கத்தில் மறந்துபோவாள். நல்ல நாவலை இங்கேதான் அடையாளம் காண வேண்டும். கொன்றவன் யார் என்று தெரிந்த பிறகும் புத்தகத்தை மூட மனம் வருகிறதா என்பதே சோதனை. தீதர்பூர் நாவலில் விடை கிடைக்கிறது; நிம்மதி கிடைப்பதில்லை. ஒருவன் செய்த கொலைக்கு ஊர் முழுக்க எப்படித் தயாராக இருந்தது என்பது கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் உறுத்துகிறது.

மொழிக் கேள்விக்கு விடை மொழிபெயர்ப்புதான். மற்ற மொழிகளுக்கு இந்த நாவல்கள் போய்ச் சேரும் வேகமும் எண்ணிக்கையும் போதாது. எந்த வீடுகளில் இக்கதைகள் நடக்கின்றனவோ அந்த வீடுகளின் மொழியில் இவை படிக்கக் கிடைக்கும்போதுதான் வட்டம் முழுமையாகும்.

கடன் கணக்கு

ஆகவேதான் அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். குற்றக் கதை எழுதுபவர்கள் எல்லாருமே பிறர் எழுதிய குற்றக் கதைகளைத் தின்று வளர்ந்தவர்கள். எங்கே வாசகரை ஏமாற்றலாம், எங்கே ஏமாற்றக் கூடாது என்பதை முன்னோர்களிடமிருந்துதான் கற்கிறார்கள். பிரிட்டனின் பி.டி. ஜேம்ஸ் 1962 முதல் நாவல் எழுதிவந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம் கேட்டுக்கொண்டதற்கிணங்க 2009இல், தொண்ணூறு வயதை நெருங்கும்போது, துப்பறியும் கதையைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார். அகதா கிறிஸ்டியின் பலம், பலவீனம் இரண்டையும் அதில் எடைபோட்டார். தான் படித்ததற்குக் கொடுத்த கடன் கணக்கு என்றே அதைச் சொல்லலாம்.

நம் எழுத்தாளர்கள் அந்தக் கணக்கைத் தவணை தவணையாகக் கொடுக்கிறார்கள். ஒரு நாவலை விற்க வந்த இடத்தில் இரண்டு பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தில்லியைப் படித்தவர் ஜலந்தருக்குப் போகிறார், அங்கிருந்து பெங்களூருக்கு, பிறகு மும்பைக் குடிசைக்கு. பதிப்பாளர்கள் விளம்பரத்தில் தரமுடியாத வரைபடம் இது.

தொடங்க விரும்புபவருக்கு வழி சுலபம். சிரித்துக்கொண்டே நுழைய வேண்டுமானால் சௌஹான். நல்ல போலீஸ் கதை வேண்டுமென்றால் கௌடாவின் முதல் வழக்கு. மழைநாளில் வீட்டை விட்டு நகராமல் படிக்க லல்லி. மனத் தைரியம் இருந்தால் ஜலந்தர் வீடு. 'பிளாக் ரிவர்' கடைசியாக இருக்கட்டும். அதைப் படித்த கையோடு வேறு எதையும் எடுக்கத் தோன்றாது.

நாளைக்கும் செய்தித்தாளில் ஐந்தாறு வரியில் ஒரு சிறுமி வருவாள், பெயரில்லாமல். அந்த வரிகளை வேகமாகத் தாண்டிப் போகும் கண் ஒரு கணம் நின்றால், அதுதான் இந்தப் புத்தகங்கள் செய்த வேலை. கொன்றவனைக் கண்டுபிடிப்பது ஓம்பீர் சிங்கின் பாடு.